முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

அறுபதைத் தாண்டிய ஸ்திரீகள் இருக்கும் வீட்டில் மாடிப்படி இருந்தால், அந்தப் படிகளுக்கு எல்லாத் தெய்வங்களின் பெயரும் தெரிந்திருக்கும். முதல் படிக்கு "முருகா", மூன்றாவது படிக்கு "அம்மாடி", திருப்பத்தில் கொஞ்ச நேரம் மௌனம், பிறகு "யாராவது அந்தத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொண்டு வாங்களேன்" என்று ஒரு குரல். தைலம் தடவி, ஒத்தடம் கொடுத்து, முட்டிக்கு உறை மாட்டி, ஊசியும் போட்டுப் பார்த்த பிறகு, எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மூட்டு தேய்ந்து போய்விட்டது, மாற்றிவிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிடுகிறார்.

அதுவரை வீட்டில் சண்டை இல்லை. தேதி குறித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் ஒரு வழியாகத் தீர்ந்துவிடும். தீராத கேள்வி ஒன்று உண்டு: "மயக்கம் எப்படிக் கொடுப்பார்கள்?"

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமியாருக்கு வயது 71. இரண்டு முட்டியும் போய்விட்டது. வலது காலுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். "என் ஓர்ப்படி, 'முதுகில் ஊசி போட்டால் ஆயுசு பூரா இடுப்பு வலிதான், எனக்கு சிசேரியன் ஆனதிலிருந்து நான் படும் பாடு போதாதா?' என்கிறாள். வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர், 'முழு மயக்கமே கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும்' என்கிறார். என் கணவரோ, 'முழு மயக்கம் கொடுத்தால் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறிவிடுமாமே' என்று பயப்படுகிறார். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். உண்மையில் கடிதத்தின் முக்கியமான பகுதி அதுதான்.

மூன்று பேருடைய அபிப்பிராயம் கடிதத்தில் இருக்கிறது. யாருடைய முதுகோ, யாருடைய முழங்காலோ, அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. சகோதரி கோபித்துக் கொள்ளக் கூடாது. பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் இப்படித்தான்.

முதுகு ஊசியின் பூர்வ கதை சுவாரஸ்யமானது. 1846-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் காட்டி ஒரு நோயாளியை மயக்கினார். மறு வருஷமே எடின்பரோவில் சிம்ஸன் க்ளோரோபாரத்தைக் கொண்டு வந்தார். 1853-ல் விக்டோரியா மகாராணியே பிரசவத்துக்கு க்ளோரோபாரம் வாங்கிக் கொண்டார் என்றதும், ஊர் வாய் அடங்கிவிட்டது. நம் தேசத்துக்கும் இதில் பங்கு உண்டு. க்ளோரோபாரம் எப்படி ஆளைக் கொல்கிறது என்று ஆராய ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் வேலை செய்தன. அந்த ஹைதராபாத்தில்தான் டாக்டர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்ஸி மாது க்ளோரோபாரம் கொடுக்கும் வேலையைத் தேர்ந்து செய்து வந்தார். உலகத்தின் முதல் பெண் மயக்க டாக்டர் என்று அவரைச் சொல்கிறார்கள். பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா என்று இன்றைக்கும் கேட்கிற பெரியவர்கள் காதில் இதைப் போட்டு வையுங்கள்.

முதுகு ஊசியைக் கொண்டு வந்தவர் ஜெர்மனியில் கீல் நகரத்தில் இருந்த ஆகஸ்ட் பியர் என்ற ரண சிகிச்சை டாக்டர். 1898-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு தொழிலாளியின் காலை அறுக்கு முன், முதுகெலும்புக்கு நடுவே கொக்கேயினைச் செலுத்திப் பார்த்தார். வலி தெரியவில்லை. ஆனால் பின்னால் தலைவலியும் வாந்தியும் வந்தன. ஏன் என்று தெரிய வேண்டாமா? தம் முதுகிலேயே போட்டுக் கொள்ள உட்கார்ந்தார். ஊசியும் குழாயும் சரியாகப் பொருந்தாமல் முதுகுத் தண்டு நீர் கொஞ்சம் கொட்டிப் போயிற்று, காரியம் நடக்கவில்லை. உடனே உதவி டாக்டர் ஹில்டபிராண்ட், "எனக்குப் போடுங்கள்" என்று முதுகைக் காட்டினார். இந்தத் தடவை பலித்தது. பியர், உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்புச் சுத்தியால் அடித்தார். எரிகிற சுருட்டைக் காலில் வைத்தார். மனுஷர் அசையவில்லை. ராத்திரி இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாள் இருவருக்கும் தலைவலி. பியருக்கு ஒன்பது நாள். எழுந்து உட்கார்ந்தால் வரும், படுத்தால் போய்விடும். ஹில்டபிராண்டுக்குக் காலெல்லாம் கன்றிப் போய்விட்டது என்பதைச் சொல்ல வேண்டுமா?

எழுந்தால் வந்து படுத்தால் போகிற அந்தத் தலைவலியைத்தான் இன்றும் சில பேர் "ஊசி போட்ட தலைவலி" என்கிறார்கள். காரணம், ஊசி போட்ட துவாரத்தின் வழியே தண்டு நீர் கசிவது. அந்தக் காலத்து ஊசி தடி ஊசி. இன்றைய ஊசியின் கனம் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. நுனியும் நார்களைக் கத்தரிக்காமல் விலக்கிக் கொண்டு போகும்படி அமைந்தது. ஆகவே இப்போது நூறு பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அதிலும் இளம் வயதுக்காரர்களைவிட வயதானவர்களுக்கு அபூர்வம். வந்துவிட்டால் படுக்கை, மாத்திரை, காப்பி. அதற்கும் அடங்காவிட்டால் நோயாளியின் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்துத் துவாரத்துக்கு அருகில் செலுத்தி அடைத்துவிடுகிறார்கள்.

ஊசி போடுவது எப்படி? மேஜைமேல் உட்கார வைத்தோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, முதுகைப் பூனைபோல் வளைக்கச் சொல்வார்கள். இடுப்புக்கு நேராக முதலில் மரக்கிற ஊசி. எறும்பு கடித்த மாதிரி இருக்கும். அப்புறம் அந்த மெல்லிய ஊசி. போகிற மருந்து மூன்று மில்லி அளவுதான். "தண்டுவடத்தில் குத்திவிட்டால் கால் விழுந்துவிடாதா?" என்று பயப்படுகிறவர்கள் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுகிற இடத்தில் இருப்பவை குதிரை வால் மயிர் மாதிரி நீரில் மிதக்கும் நரம்பு இழைகள். ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக் கொள்ளும். பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய ஊசிகளைக் கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டார்கள். நிரந்தரமான தீங்கு ஏற்பட்டது லட்சம் பேரில் இரண்டிலிருந்து நாலு பேருக்கு. இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை.

இரண்டொரு நிமிஷத்தில் கால் சூடாகும், பிறகு கனக்கும், பிறகு யாரோ அரிசி மூட்டையைக் கட்டிவிட்டது போல, நம் கால் நம்முடையதாக இராது. இரண்டிலிருந்து நாலு மணி நேரம் வரை இப்படி இருக்கும். முட்டி மாற்றி முடிய ஒன்று, ஒன்றரை மணிதான் ஆகிறது. இதில் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது வழக்கம். அதற்கு மருந்தைக் கையில் வைத்துக் கொண்டே மயக்க டாக்டர் பக்கத்தில் இருப்பார். சிலருக்கு நடுக்கம் வரும். சிலருக்குச் சிறுநீர் சில மணி நேரம் பிரியாது. 

"முழித்துக் கொண்டிருக்கும்போதே காலை அறுப்பதா? ஐயோ!" என்பதுதான் பலருடைய பீதி. நடுவே திரை கட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். எலும்பு வேலை கிட்டத்தட்ட தச்சுப் பட்டறை வேலைதான். ரம்பம் உண்டு, சுத்தி உண்டு, துளைக் கருவி உண்டு. அந்தச் சத்தம் வேண்டாம் என்றால், கையில் ஏறும் சொட்டு நீரோடு சேர்த்துத் தூக்க மருந்து கொடுத்துக் கண்ணயர வைக்கலாம். அல்லது காதில் பாட்டு. ஒரு பாட்டியம்மாள் ஆபரேஷன் முடிகிறவரை நாதஸ்வரம் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "அதுக்குள்ளேயா ஆச்சு? ராக ஆலாபனைகூட முடியலையே!" என்று குறைப்பட்டுக் கொண்டதாகக் கேள்வி. இந்த லேசான தூக்கத்தை முழு மயக்கம் என்று நினைத்துக் கொண்டு வீடு திரும்பிச் சொல்கிறவர்களும் உண்டு.

இப்போது ஓர்ப்படி அம்மாளுடைய புகார். சிசேரியன் ஆன ஸ்திரீகளில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள்: "அந்த ஊசியிலிருந்துதான் இடுப்பு வலி." ஊசி குத்திய இடம் இரண்டொரு நாள் நோகும், அது நிஜம். ஆனால் வருஷக் கணக்கான இடுப்பு வலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று, ஊசி போட்டுக் கொண்ட தாய்மார்களையும் போடாத தாய்மார்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்திருக்கிறது. வலி பொய்யா? இல்லை. பத்து மாதம் வயிற்றைச் சுமந்த முதுகு, தளர்ந்த வயிற்றுத் தசை, குனிந்து பால் கொடுத்தது, ராத்திரித் தூக்கம் போனது, குழந்தையை ஒரே இடுப்பில் தூக்கிக் கொண்டு மறு கையால் குழம்பைக் கிளறியது, இத்தனையும் பழியை ஊசியின் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்துக் கொள்கின்றன. ஊசியைக் குற்றம் சொல்லாமல் அந்த அம்மாள் இடுப்புக்குப் பயிற்சி சொல்லித் தருகிற ஒருவரிடம் போனால் பத்து வருஷத்து வலி குறையலாம். யாரும் அவரை அனுப்பவில்லை போலிருக்கிறது.

முழு மயக்கம் இன்று க்ளோரோபாரக் காலத்து முழு மயக்கம் அல்ல. பால் போல் வெள்ளையான ஒரு மருந்து கையில் ஏறும். "பத்து வரை எண்ணுங்கள்" என்றால் ஐந்தைத் தாண்டுகிறவர் அபூர்வம். பிறகு தொண்டைக்குள் ஒரு குழாய் போட்டு, மூச்சை இயந்திரமோ டாக்டரோ கவனித்துக் கொள்வார்கள். விழித்தெழும்போது தொண்டைக் கரகரப்பு, குமட்டல், வாந்தி, மந்தம் இவை வரலாம். ஆடுகிற பல் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். குழாய் போடும்போது அது உதிர்ந்து உள்ளே போனால் வம்பு. நடுவில் பிரக்ஞை வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் 2014-ல் வந்த ஒரு பெரிய விசாரணையில், அப்படி நேர்ந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர்.

முதுகெலும்பில் முன்பே ஆபரேஷன் ஆகிக் கம்பி வைத்தவர்கள், இருதயத்தின் வால்வு மிகவும் குறுகிப் போனவர்கள், ஊசி போடுகிற இடத்தில் சீழ்ப் புண் இருப்பவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலும் முழு மயக்கமே தோது. எவ்வளவு சொல்லியும் முதுகு ஊசி வேண்டாம் என்கிறவர்களுக்கும் அதுதான்.

எது மேல்? 2019-ல் பல தேசத்து நிபுணர்கள் கூடி, இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் மாற்றிக் கொள்கிறவர்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், முதுகு ஊசியே நல்லது என்று சொன்னார்கள். நுரையீரல் தொந்தரவு, சிறுநீரகக் கோளாறு, காலில் ரத்தம் கட்டுவது, ரத்தம் ஏற்ற வேண்டி வருவது எல்லாம் அதில் குறைவாக இருந்ததாம். ஆனால் இதை ஆண்டவன் கட்டளையாக எடுத்துக் கொள்ள வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து வந்த 1,600 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் பரீட்சித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். அறுபது நாளில் இறந்தவர்கள், நடக்க முடியாமல் போனவர்கள் இரண்டையும் சேர்த்தால், முதுகு ஊசிக் கட்சியில் நூற்றுக்கு 18.5; முழு மயக்கக் கட்சியில் 18. அதாவது வித்தியாசமே இல்லை. எலும்பு முறிந்து வந்தவர் வேறு, நாள் பார்த்து மூட்டு மாற்றிக் கொள்ள வந்தவர் வேறு, இருந்தாலும் "முழு மயக்கமா? ஆபத்து!" என்று அலறுவதற்கு ஆதாரம் போதாது என்று மட்டும் தெரிகிறது.

கணவருடைய பயத்துக்கும் இதே பதில்தான். சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 950 பேரிடம் பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பின் புத்தி தடுமாறியவர்கள் ஊசிப் பக்கம் நூற்றுக்கு ஆறு, முழு மயக்கப் பக்கம் ஐந்து. ஊசி போட்டாலும் தடுமாறலாம். வலி, தூக்கமின்மை, புது இடம், காதும் கண்ணும் இல்லாமல் படுத்திருப்பது, இவையெல்லாம்தான் வயதானவர்களைக் குழப்புகின்றன. மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, "அம்மா என்னவோ பேசுகிறாளே!" என்று கலங்குகிறவர்களை என்ன சொல்வது? கண் விழிக்கும்போது கண்ணாடியும் தெரிந்த முகம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி பின்குறிப்பு. "மாமியாருக்கு எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தத்தை இளக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். இதைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள், மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டாம், முதல் நாள் நிறுத்திவிட்டால் போதும் என்கிறார் என் கணவர். அவர் லீவு எடுத்திருக்கிறார். சொல்லலாமா?"

சகோதரி, சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்கே சொல்லுங்கள். அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று ஆஸ்பிரின் என்றால் முதுகு ஊசிக்கு அது தடையல்ல. மற்றொன்று க்ளோபிடோக்ரல் போன்றதாக இருந்தால், அதன் வேலை முதல் நாள் நிறுத்தினால் போகாது. ஐந்திலிருந்து ஏழு நாள் ஆகும். அது உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால், உள்ளே ரத்தம் கசிந்து கட்டி, நரம்பை நசுக்கி, கால் நிரந்தரமாகவே மரத்துப் போகக் கூடும். சரி, ஏழு நாள் நிறுத்திவிடலாம் என்றால், புதிதாக வைத்த ஸ்டென்ட் அடைத்துக் கொண்டு மறுபடி மாரடைப்பு வரலாம். இரண்டு பக்கமும் இடி. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, அவசரமில்லாத ஆபரேஷனை ஓராண்டு வரை தள்ளிப் போடுவதே பொதுவான வழக்கம். முட்டி ஆறு வருஷம் பொறுத்தது, இன்னும் நாலு மாதம் பொறுக்காதா? இருதய டாக்டரும் எலும்பு டாக்டரும் மயக்க டாக்டரும் ஒருவரோடொருவர் பேசி முடிவு செய்யட்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். லீவு மறுபடி கிடைக்கும் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வரும்போது, பதில் சொல்ல வேண்டியவர் மாமியார். குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை மட்டும் வீட்டார் சொல்லலாம்; அது அவருக்கே தெரியாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளைப் பெட்டியோடு கொண்டு போங்கள். சித்த மருந்து, லேகியம் எதுவாயிருந்தாலும் அதையும் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. "எனக்கு எந்த மயக்கம் கொடுக்கப் போகிறீர்கள், ஏன்?" என்று அந்த அம்மாளே ஒரு வார்த்தை கேட்கட்டும். பதில் சொல்ல அவகாசமில்லாத டாக்டரிடம் நானாயிருந்தால் இன்னொரு தடவை கேட்பேன்.

ஆபரேஷனுக்கு முன் பட்டினி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. "காலை ஆகாரம் ஒன்றும் கூடாது என்றார்கள், அதனால் காப்பி மட்டும் கொடுத்தோம்" என்பார்கள். பால் விட்ட காப்பி ஆகாரம்தான், அம்மா! பாலும் பலகாரமும் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நின்றுவிட வேண்டும்; பூரி, வடை என்றால் எட்டு மணி. பச்சைத் தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன் வரை அனுமதிக்கிறார்கள். அதையும் வேண்டாம் என்று ராத்திரி முழுக்க நாக்கு வறளப் போட்டு வைப்பது விரதம், வைத்தியம் அல்ல. மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி விடுங்கள். ரத்தம் நிற்கச் சுடுகிற மின்சாரக் கருவி உபயோகிப்பார்கள்; உலோகம் பட்ட இடத்தில் தோல் கருகலாம். கழற்ற மனம் வராத தாலிச் சரட்டைப் பற்றி முன்னாலேயே நர்ஸிடம் சொன்னால் ஏதாவது வழி செய்வார்கள். விரல் நுனியில் ஒரு கருவி மாட்டி ரத்தத்தில் பிராண வாயுவைப் பார்க்க வேண்டும், நகச்சாயம் வேண்டாம்.

ஊசியானாலும் முழு மயக்கமானாலும், முட்டி விஷயத்தில் இன்னொன்றும் சேர்த்துச் செய்கிறார்கள். தொடையில் ஒலி அலைக் கருவியால் நரம்பைப் பார்த்து, அதன் பக்கத்தில் மரக்கிற மருந்தைச் செலுத்துவது. முன்பெல்லாம் தொடை இடுக்கிலேயே போட்டார்கள். வலி போயிற்று, கூடவே தொடையின் பலமும் போய், எழுந்து நின்றவர்கள் தடுமாறி விழுந்தார்கள். இப்போது கொஞ்சம் கீழே, தொடையின் நடுப்பகுதியில் போடுவதால் வலி குறைகிறது, கால் நிற்கிறது. அன்று மாலையோ மறுநாள் காலையோ நடக்க வைக்கிறார்கள் என்றால், அதற்கு இந்தச் சின்ன ஊசியும் ஒரு காரணம். ஆனால் இந்த மரப்பு ராத்திரி எந்நேரமாவது விட்டுப் போகும். "வலியே இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று சாயங்கால மாத்திரையை ஒதுக்கி வைத்தால், இரண்டு மணிக்கு வலி ஒரேயடியாகக் கிளம்பிவிடும், அப்புறம் எந்த மாத்திரையும் அதை உடனே பிடிக்காது. மரத்திருக்கும்போதே, நர்ஸ் சொன்ன வேளைக்கு, ஒன்றையும் விடாமல் கொடுத்துவிடுங்கள். அன்று ராத்திரி கூடத் தங்கப் போவது யார் என்பதையும், அவருக்கு மாத்திரை வேளை தெரியுமா என்பதையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.